பதினொரு கம்பளிகள்

வரைபடம் ஜூலையில் வரைந்தது.
அதில் கணவாய் வெறும் பழுப்புக் கோடு.
தளபதி ஸ்த்ராதோஸ் அதன்மேல் விரல் வைத்தார்,
விரல் மரத்துவிட்டது என்று சிரித்தார்.

இடுப்பளவுப் பனி. கீழே பாலத்தில் அரசுப் படை,
அவர்களும் இதே பிந்துஸ் மலைப் பையன்கள்தான்,
இருமல்கூட எங்கள் ஊர் இருமல்.

கோவேறு கழுதைகள் பதினொன்று.
உறைந்த கல்லில் லாடம் பட்டால்
பள்ளத்தாக்கே விழித்துக்கொள்ளும்.
"குளம்புகளுக்குத் துணி சுற்றுங்கள்" என்றார்.
துணி ஏது என்று யாரும் கேட்கவில்லை.
காயம்பட்டவர்கள் கிடந்த கொட்டில் பக்கம்
எல்லோரும் பார்த்தோம், பார்க்காத மாதிரி.

எவந்தியா கத்தரித்தாள். ஒரு கம்பளிக்கு நான்கு குளம்பு.
புரோத்ரோமோஸ் தன்னுடையதை மடித்தே கொடுத்தான்:
"சாம்பல் கழுதைக்குப் போடு. அது என்னைக் கடித்ததில்லை."

கட்டளையைப் பதிந்தவன் நான்.
மணி இரண்டு பத்து. மை உறைந்ததால் பென்சிலில்.

கடந்துவிட்டோம்.
ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.
சரியான முடிவு. யார் கேட்டாலும்
அப்படித்தான் சொல்வேன்.
கொட்டிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

விடிந்ததும் கட்டுகளை அவிழ்த்தோம்.
குளம்பின் வடிவிலேயே விறைத்து நின்றன,
பனியில் நாற்பத்து நான்கு சின்னக் கிண்ணங்கள்.
சாம்பல் கழுதை
ஒன்றை மட்டும் முகர்ந்துகொண்டே இருந்தது.