நாக்கில் பாரம்

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
ராமிரோ மூன்று வார்த்தை எழுதி வைத்திருந்தான்.
கயிறு. கொசு. டிரெய்லர்.

கொசு என்றால் எங்கள் நாட்டில்
கார்களை அடுக்கிச் சுமக்கும் நீள லாரி.
கொமொதோரோவிலிருந்து கோர்தோபாவுக்கு
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்.
கொசு கேட்ட கூலிக்கு
இன்னொரு ரெனோவே வாங்கிவிடலாம்,
இதைவிடத் துரு குறைவாக.

கயிறு போதும் என்றான்.
நியூட்ரலில் போட்டால் பசு மாதிரி பின்னால் வருமாம்.
பசுவுக்குப் பிரேக் உண்டா என்று கேட்டேன்.
இழுபடும் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்து
உட்காரப்போவது நான்.
அவன் சட்டென்று நின்றால்
என் மூக்குக்கும் அவன் பம்பருக்கும் நடுவே
நாலு மீட்டர் நைலான்.
பதினோரு வருஷம் அப்படித்தானே வந்தேன் என்று
வாய்வரை வந்தது.
இந்த ஊர்க் காற்றில் எதைச் சொன்னாலும்
அட்லாண்டிக்கில்தான் போய் விழும்.
சொல்லவில்லை.

என் அண்ணன் பெர்வினின் டிரெய்லர் இரவல் வந்தது.
நல்ல டயர், இரண்டு அச்சு, செத்துப்போன வின்ச்.
கார் சுவரைப் பார்த்து நின்றது, திருப்ப இடமில்லை.
பின்புறமாகவே தள்ளி ஏற்றி
நான்கு சக்கரத்துக்கும் பட்டை கட்டினோம்.
அவன் அட்டைப்பெட்டிகள் பிக்கப்பில்.
கோர்தோபாவில் இறக்கிவிட்டு
நான் மட்டும் திரும்புவேன்.
அது ரசீதில் எழுதப்படவில்லை.

எழுபதில் ஒன்றுமில்லை.
எண்பதில் கண்ணாடிக்குள்
ரெனோவின் முகம் ஒருமுறை இடப்பக்கம் எட்டிப்பார்த்தது.
பிறகு வலப்பக்கம்.
பிறகு இரண்டு பக்கமும், இன்னும் அகலமாக,
பிக்கப்பின் இடுப்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டு.
பிரேக்! பிரேக்! என்று கத்தினான்.
மிதிக்கவில்லை.
ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி
வலது காலை மட்டும் மெல்லத் தூக்கினேன்.
அறுபது. ஐம்பது.
ஆட்டம் தானாகக் களைத்துப்போனது.
என் கால் நிற்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.

பெட்ரோல் பங்கில்
‘குளியலறை, ரா.’ என்று எழுதிய பெட்டியைக் கிழித்து
எடை பார்க்கும் மெஷினை எடுத்தேன்.
டிரெய்லரின் நாக்கை அதன்மேல் இறக்கினேன்.
பத்தொன்பது கிலோ.
ஆயிரம் கிலோ இழுக்கிறோம்,
நூறாவது நாக்கில் உட்கார வேண்டும்.
என்ஜின் முழுக்கப் பின்னால் கிடந்தால்
வால் ஆட்டாமல் என்ன செய்யும்.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்கள் ஆறு பேர்
பஸ் பழுதாகி அங்கே மாத்தே குடித்துக்கொண்டிருந்தார்கள்.
கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.
இறக்கி, திருப்பி, மூக்கு முன்னால் வர ஏற்றியபோது
ஒருவன் காரைத் தட்டிக்கொடுத்தான்,
முரட்டு ஆட்டை அமுக்குகிற பழக்கத்தில்.
மெஷின் முள் சுற்றி முட்டி நின்றது. அதிகம்.
ஒரு சாண் பின்னால் தள்ளினோம்.
நூற்றிரண்டு.

ராமிரோ தானும் ஏறிப் பார்த்தான்.
அறுபத்தெட்டு.
கல்யாணத்தன்று எண்பது, என்றான், யாரிடமோ.
நான் ஏறவில்லை.

அதற்குப்பின் ஐம்பது கிலோமீட்டரில் ஒருமுறை,
பிறகு நூற்றைம்பதுக்கு ஒருமுறை நின்றோம்.
பட்டைகளை நான் இறுக்கினேன்.
அவன் சக்கரக் குடங்களைப் புறங்கையால் தொட்டான்,
ஜுரம் பார்ப்பதுபோல.
பேச்சு அவ்வளவுதான்:
‘சூடில்லை.’
‘சரி.’

சியர்ரா கிராந்தேயில் இருட்டிவிட்டது.
பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும்
நேராக மாட்டியிருந்தான்.
கழற்றி, நாக்குக்குக் கீழே
ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக மாட்டினேன்.
எதற்கு, என்றான்.
கொக்கி கழன்றால்
நாக்கு தார்ச்சாலையில் குத்தாது,
இந்தத் தொட்டிலில் விழும், என்றேன்.

டார்ச்சைப் பிடித்தபடி குனிந்து
ரொம்ப நேரம் பார்த்தான்.
இன்னும் ஆயிரத்து இருநூறு இருந்தது.