வரம்பு எட்டு

அறுநூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகள்
மாமனார் விட்டுப்போன பிஸ்கட் தகரத்தில்.
தோட்டத்து டிரஸர் எவரும் அந்தக் காலத்தில்
மூன்று மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்
ஒரு கேமராவில் போட்டிருக்க மாட்டார்.
இவர் போட்டார்.

ஒவ்வொன்றாய்த் திருத்த எனக்கேது ஆயுள்?
செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்ட்,
பகலெல்லாம் தூக்கம்,
நடுவே பீடோர் கடைத்தெருவில் காய்கறி, பில், வங்கி.
ஆகவே நாற்பது வரியில் ஒரு நிரல்:
ஓரம் வெட்டு. நிமிர்த்து. சிவப்பைக் குறை.
தூசியை எடு. அடுத்ததற்குப் போ.
மேசை விசிறியை லேப்டாப் பக்கம் திருப்பிவிட்டு
வேலைக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால்
ஐம்பது வருஷத்து ஊதாச் சிவப்பு கழன்றுபோய்
ரப்பர் மரங்கள் பச்சையாய் நிற்கின்றன.
நேராய் நிற்கின்றன.
சரிவில் சாய்ந்தே வளர்ந்தவை அவை.
மரங்களை நிமிர்த்தியதில்
ஆட்கள் சாய்ந்துவிட்டார்கள்,
காண்டாவும் வாளியுமாய்,
ஒரு தோட்டமே அலையில் போகிற கப்பல் மாதிரி.
சிரித்துக்கொண்டே அந்த வரியை அழித்தேன்.

பிலோமினாதான் கண்டுபிடித்தாள்.
தே ஓ ஆறிக்கொண்டிருந்தது.
"எங்கங்க மூக்குத்தி?
எல்லாப் பொம்பளைங்களுக்கும்
மூக்கு மொட்டையா இருக்கு. பொட்டும் இல்ல."

எட்டுப் புள்ளிக்குக் குறைந்ததெல்லாம் தூசி.
நான்தான் அப்படிச் சொல்லிவைத்திருந்தேன்.

பழையதிலிருந்து புதியதைக் கழித்தேன்,
அது எதை எடுத்ததோ அது மட்டும் மிஞ்சும்படி.
வந்தவை முழுக் கறுப்புப் படங்கள்.
பூசணத்தின் வேர், நகக்கீறல், பஞ்சு நார்.
அவற்றின் நடுவே
முகம் இல்லாமல், உடம்பு இல்லாமல்
விடியற்காலைப் பெரட்டுக்கு நின்ற வரிசை:
மேலே ஒரு புள்ளி, கீழே ஓரமாய் ஒரு புள்ளி,
மேலே ஒன்று, கீழே ஒன்று,
உயரத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கி.
பிலோமினா விரல் வைத்து எண்ணினாள்.
பதினாறு பேர்.

அதில் கோடியில் நிற்பவள்
வேறு பதினெட்டு ஸ்லைடுகளிலும் இருக்கிறாள்.
மருந்து வரிசையில். குழாயடியில். லாரி மேல்.
பெயர் எதிலும் எழுதவில்லை.
அட்டைச் சட்டத்தில் மாதம் மட்டும்.
பிப்ரவரியில் இரண்டு புள்ளி.
ஜூனில் நெற்றி வெறும் கறுப்பு.
நடுவில் நடந்தது தகரத்தில் இல்லை.

ஆனால் அந்த ஜூன் படத்தில்
மூக்கில் மட்டும் ஒன்று மின்னியது.
"பொட்டு வைக்காதவங்க மூக்குத்தி போடுவாங்களா?"
"தெரியல."
"எடுத்து ஊதிப் பாருங்க."
விளக்குக்கு நேரே பிடித்து
ரப்பர் குமிழை ஒரு தடவை அமுக்கினேன்.
போய்விட்டது. தூசிதான்.
திரும்ப ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன்.
தூசி இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி
துளை.
இரண்டே புள்ளி.

வரம்பை நாலுக்கு இறக்கினேன்.
எல்லாருக்கும் மூக்குத்தி திரும்பியது,
இவளுடைய துளை அடைபட்டது,
வழவழவென்று, நல்ல தோல் போட்டு.
மூன்றுக்கு இறக்கினேன். அடைத்தது.
ஒன்றுக்கு இறக்கினேன்.
துளை நின்றது.
கூடவே எல்லாத் தூசியும் வந்துவிட்டது,
கல்யாணப் படங்களில், பிலோமினாவின்
புதுநன்மை வெள்ளைக் கவுனில்,
நாய்க்குட்டி மேல், தேவாலயக் கூரை மேல்.

"அப்பா ஏன் இவங்கள மட்டும்
பத்தொம்போது தடவ…" என்று ஆரம்பித்தவள்
முடிக்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு
உள்ளே போனாள்.
தண்ணீர் ஓடும் சத்தம் நிறைய நேரம் கேட்டது.

ஒன்று என்றே விட்டுவிட்டு
ஓடு என்றேன்.
விசிறியைத் திருப்பிவைத்தேன்.
ஷிஃப்ட்டுக்கு இன்னும் இருபது நிமிஷம்.