கடவுச்சொல் தொலைந்த மூன்று வாரம்

மொண்டெவிடேயோவில் ஜூலை குளிர்காலம்.
ஆறா கடலா என்று இன்னும் தீராத
அந்தப் பழுப்பு நீரிலிருந்து காற்று கிளம்பி
சாவி வெட்டும் கடைக்கு மேலே
எங்கள் இரண்டறை அலுவலகத்தின் ஜன்னல் சந்தில்
விசிலடிக்கும்.
உள்ளே மூன்று பேர். கைமாறும் ஒரு மாத்தே குவளை.
நான்கு கணினி.
நான்காவது, போன வருடம் கோபித்துக்கொண்டு போன
எடில்சனுடையது.
விற்கவும் மனமில்லை, திறக்கவும் மனமில்லை.

பெயர்ப்பலகையில் 'எல்லாம் செய்வோம்' என்றிருந்தது.
என் யோசனைதான். எழுத்துருவும் நான் பார்த்தது.
உணவகம், பல் மருத்துவர், கால்பந்துக் குழு,
ஒருமுறை சவப்பெட்டி செய்கிறவர்.
அவருக்கும் முகப்பில்
சுழலும் படங்கள் வைத்துக் கொடுத்தோம்.

நம்மை யாருக்கும் தெரியவில்லை என்றாள் நிபியா.
தெரியவைப்போம் என்று
ஐந்து தளங்களில் ஐந்து கணக்கு தொடங்கினோம்.
திங்கள் ஒரு குறிப்பு, செவ்வாய் ஒரு பொன்மொழி,
புதன் நாங்கள் இயல்பாகச் சிரிக்கும் படம்,
பதினேழாவது முறை எடுத்தது.
வெள்ளிக்கிழமை, வேறென்ன, பூனை.

விருப்பங்கள் விழுந்தன.
யார் யாரென்று பார்த்தால்
கோர்தோபாவில் ஒரு வலைத்தள நிறுவனம்,
அசுன்சியோனில் ஒரு வலைத்தள நிறுவனம்,
எங்களைப் போலவே மூன்று பேர், ஒரு பூனை.
நாங்கள் அவர்களுக்கு இட்டதை
அவர்கள் எங்களுக்குத் திருப்பி இட்டார்கள்.
மொய்க்கு மொய்.
பந்தியில்தான் இலை போடவில்லை.

பிறகு நிபியாவின் தொலைபேசி
நூற்று நான்காம் எண் பேருந்தோடு போய்விட்டது.
ஐந்து கணக்கின் சாவியும் அதற்குள்.
மூன்று வாரம் ஒரு சொல் பதியவில்லை.
ஊரே தேடும் என்று பயந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
கோர்தோபாகூட.

அழைத்தது ஒருவர்தான், இரவு இரண்டு மணிக்கு.
தக்குவரெம்போவிலிருந்து தால்மிரோ, கால்நடை மருத்துவர்.
அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
ஒரு பண்ணையில் குதிரை குட்டி போட முடியாமல் கிடந்ததாம்.
பண்ணைக்காரர் மேட்டில் ஏறி, சிக்னல் பிடித்து,
எங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார்.
படங்கள் சுழல ஆரம்பித்தன.
ஒன்று, பாதி. இரண்டு, கால்.
'அவசரம்' என்ற பொத்தான் கடைசிவரை வரவில்லை.
வண்டியெடுத்து நாற்பது கிலோமீட்டர் வந்து
கதவைத் தட்டியிருக்கிறார்.
தாய் பிழைத்தது, என்றார் தால்மிரோ.
குட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

விடிவதற்குள் எல்லாப் படத்தையும் உருவி எறிந்தோம்.
மிஞ்சியது ஒரு பெயர், ஓர் எண், ஒரு பொத்தான்.
மேட்டில் ஏறாமலே திறக்கும் அளவுக்கு லேசு.
அவர் பக்கத்து ஊர் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார்,
அந்த அம்மாள் தீவனக் கடைக்கு.

பலகையைக் கழற்றினோம்.
இனி நாட்டுப்புறக் கால்நடை மருத்துவர்கள் மட்டும்
என்று முடிவு செய்த மத்தியானம்
வால்டெமார் கணக்கு நோட்டை மூடவே இல்லை.
கால்பந்துக் குழு இதைவிட மூன்று மடங்கு தரும், என்றான்.
தரும்தான்.
பல மரம் கண்ட தச்சர் நாம், என்றாள் நிபியா.
அவன் பதில் சொல்லாமல் வெந்நீர் ஊற்றினான்.
அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

கணக்குகள் திரும்பக் கிடைத்ததும் நான்கை மூடினோம்.
ஒன்றில் மட்டும், வாரம் ஒரு வரி:
எந்த ஊரில், எவ்வளவு சிக்னலில்,
எத்தனை நொடியில் எங்கள் பக்கம் திறந்தது என்று.
பதினோரு பேர் படிக்கிறார்கள்.
ஒன்பது பேருக்கு மாடு பார்க்கத் தெரியும்.

ஆகஸ்ட் வாடகைக்குப் பணம் குறைந்தது.
எடில்சனின் கணினியை விற்பதற்காகத்
துடைக்கத் திறந்தேன்.
'தால்மிரோ, முதல் வரைவு' என்று ஒரு கோப்பு.
ஒரு பெயர், ஓர் எண், ஒரு பொத்தான்.
அடியில் சிவப்பில் என் குறிப்பு:
'வெறுமையாக இருக்கிறது. படம் வேண்டும்.'

அவனுக்கு எழுத உட்கார்ந்தேன்.
எந்தத் தளத்திலும் அவனுக்குக் கணக்கில்லை.
கீழே இறங்கிச் சாவிக்கடைக்காரரைக் கேட்டேன்.
அவரிடம் எண் இருந்தது,
பென்சிலால், சுவரில்.