இரவில் வண்டி எங்கே நிற்கும்

வணக்கம், மெரெரிட் பேசுகிறேன்,
இந்த அழைப்பு பதிவாகிறது.
என்ன வண்டி?

மூணு லிட்டர், என்றான். ஆறு சிலிண்டர். நீலம்.
பெயர் அப்புறம்தான் வந்தது: இயெஸ்டின்.
வயது பத்தொன்பது.
உரிமம் கைக்கு வந்து பதினோரு நாள்.
ஊர் பெதெஸ்டா. ஸ்லேட் குவாரியின் வாசலில்
லாரிகளுக்கு எடை போடுகிற வேலை.
தகரக் கூரைமேல் மழை விழுவது
அவன் குரலுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரவில் வண்டி எங்கே நிற்கும்?
தெருவில்.
வீட்டுக்கு நேர் எதிரிலா?
சரிவுங்க. சக்கரத்துக்குக் கல் வைக்கணும்.
கல்லுக்குப் படிவத்தில் இடமில்லை.
தெரு, என்று அழுத்தினேன்.

வண்டியில் ஏதாவது மாற்றம்?
முன்னால வச்சிருந்தவர் புகைக்குழாயை மாத்திட்டார்.
மறைத்திருக்கலாம்; நான் என்ன, போய்ப் பார்க்கவா போகிறேன்?
விசையைத் தட்டும்போது
நூற்றுத் தொண்ணூறு பவுண்டு ஏறியது,
உண்மை சொன்னதற்கு.

ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டுவீர்கள்?
இதற்குத்தான் நேரமெடுத்தான்.
வேலைக்கு நாலு. பாங்கோருக்கு ஆறு. பிறகு
மழை மட்டும் கேட்டது.
எவ்வளவு தூரம் போவாய் என்று
அதற்குமுன் யாரும் அவனைக் கேட்டதில்லை போல.
பத்தாயிரம் போடுங்க, என்றான்,
ஏலத்தில் கை தூக்குகிறவன் மாதிரி.

திரை சுற்றியது, நின்றது.
ஏழாயிரத்து நானூற்று எண்பத்தாறு.
வண்டியின் விலை இரண்டாயிரத்து நானூற்றைம்பது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
சொன்னவன் எங்கள் மூன்றாம் மாடியில்
வேலை பார்த்திருக்க வேண்டும்.

மாதத்துக்கா? என்றான்.
ஆண்டுக்கு.
அப்படின்னா, என்று இழுத்தான்,
ஏதோ ஆறுதல் கிடைத்தவன் போல. பிறகு கணக்குப் போட்டான்.
எடை போடுகிறவன்; கணக்கு சீக்கிரம் வந்துவிட்டது.

அம்மா பேர்ல எழுதிட்டு
என்னையும் ஓரமா சேத்துக்கிட்டா?
அதிகம் ஓட்டப்போவது யார்?
நான்தான்.
அப்படியானால் அது மோசடி, இயெஸ்டின்.
நீங்கள் கேட்டது என் காதில் விழவில்லை,
ஆனால் பதிவாகிறது.
சிரித்தான். நானும்தான்.
அதுவும் பதிவாகியிருக்கும்.

கறுப்புப் பெட்டி பொருத்தினால் குறையும் என்றேன்.
வேகம், பிரேக், வளைவு எல்லாம் சொல்லிவிடும்.
ராத்திரி பதினொன்றைத் தாண்டினாலும் சொல்லும்.
யார்கிட்ட?
எங்களிடம்.
நீங்க முழிச்சிருப்பீங்களா?

ஒரு லிட்டர் வண்டி ஒன்றுக்கும் போட்டுப் பார்த்தேன்,
அவன் கேட்காமலே. ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.
அது மலை ஏறுமா?
ஏறும். முனகிக்கொண்டே ஏறும்.

அப்போதுதான் சொன்னான்:
அந்த நீலத்தை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன்.
வித்தவர் பக்கத்துல கதவைப் பிடிச்சுக்கிட்டிருந்தார்.
ரெண்டாவது கியர் போட்டேன்.
போட்டதும் மலை முடிஞ்சுபோச்சு.

இதற்கும் படிவத்தில் இடமில்லை.
விலை முப்பது நாள் செல்லும் என்றேன்.
எண் கொடுத்தேன். எழுதிக்கொண்டான்,
ஒவ்வோர் இலக்கத்தையும் திருப்பிச் சொல்லி.

எனக்கு உரிமம் இல்லை.
நான்கு முறை தோற்றேன்; நான்கும்
ஒரே ரவுண்டானாவில்.
அடுத்த அழைப்பில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
அதே மூன்று லிட்டர், கராஜ் உண்டு.
நானூற்றுப் பன்னிரண்டு.
அதுவே அதிகம் என்றார்.

முப்பதாம் நாள் எண்ணைத் தேடிப் பார்த்தேன்.
பார்க்கக்கூடாது; பார்த்தேன்.
எடுக்கவில்லை. நீலத்தையும், முனகுவதையும்.
நள்ளிரவில் அந்த விலை அழிந்துபோகும்.

கெர்ஃபில்லிக்கு ஏறும் கடைசிப் பேருந்தில்
ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் இருக்கிறேன்.
இரண்டாவது. மூன்றாவது.
திணறி, மறுபடி இரண்டாவது.
மலை
இன்னும் இருக்கிறது.