களியக்காவிளையில் இரண்டு ராத்திரி

அருமனையில் ஏற்றிய ரப்பர் தை நானூற்றுப் பன்னிரண்டு.
பெர்மிட்டில் நானூறு.
பன்னிரண்டுக்காக லாரி நிற்கிறது,
பாட்டனி படித்துவிட்டுத் தை விற்கும் நானும்
டிரைவர் தாசையனும்.

பிரேக் போட்டதில் ஒரு கூடு மட்டும் சரிந்து
படுத்துக் கிடக்கிறது.

தளிர்நுனியில் ஊறும் ஆக்ஸின்
செல் செல்லாய்க் கீழிறங்கும்.
நுழையப் பெரிய பாடில்லை,
சுவரின் புளிப்பில் நழுவிப் புகுந்துவிடும்.
புகுந்தபின்
புரோட்டான் கழன்று, மாட்டிக்கொள்ளும்.
வெளியே விட
சவ்வில் ஒரு புரதம் வேண்டும்.
அது எந்தப் பக்கம் நிற்கிறதோ
அதுவே வழி.

இங்கேயும்
வந்து சேர யாரும் மறிக்கவில்லை.
போகத்தான் ஒப்பு.
ஒப்பிடுகிறவர் திங்கள்தான் வருவார்.

இரண்டாம் ராத்திரி மழை.
தார்ப்பாயைத் தூக்கி டார்ச் அடித்தேன்.
கிடந்த தை
கழுத்தைத் தூக்கியிருந்தது.

அதன் புரதங்கள் பழைய வாசலை விட்டு
தரைப்பக்கச் சுவருக்கு
மாறிப்போயிருக்கும், முதல் ராத்திரியே.
ஆக்ஸின் அடிப்புறம் தேங்க
அடிப்புறம் கூடுதலாய் நீண்டு...

"வளைஞ்ச தைய நெய்யாற்றின்கரைக்காரன்
எடுக்கமாட்டான், கேட்டியா?"
பீடியை அணைத்துவிட்டு
விரல்விட்டு எண்ணினான் தாசையன்.
"அப்போ
பதினொண்ணுதான் கூடுதல்."