ஏழும் ஒன்பதும்

மூன்றாம் முறையும் அதே இடத்தில்தான் முறிந்தது.
விரல்நகமளவு துண்டு, அலகின் வெளிநுனியில்.
வட்டக்கச்சி ஆலையிலிருந்து வேலும்மயிலும்
அதை நெருப்புப்பெட்டிக்குள் போட்டு
மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார்.
"உமி நல்லா எரியுது தங்கச்சி,
சுழலிதான் நிண்டு பிடிக்குதில்லை."

அறிவியல் நகரில் அன்று மின்சாரம் இல்லை.
முறிந்த முகத்தைக் கைபேசி வெளிச்சத்தில் திருப்பினோம்.
இரணைமடு வற்றும்போது
கரையில் ஒன்றன்கீழ் ஒன்றாய் விட்டுப்போகும் நீர்க்கோடுகள்
அங்கே, உலோகத்தில்.
ஒரே அடியில் முறியவில்லை.
ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாய்க்
களைத்திருக்கிறது.

சைக்கிள் கம்பி நுனியில் ஒரு போல்ஸை ஒட்டி
கஜரூபன் அலகுகளைத் தட்டினான்.
பதினொரு அலகு, பதினொரு சுரம்,
ஒன்றைப்போல் மற்றது இல்லை.
எனக்குக் காது கூர்மை என்பான்.
ஒன்பது வயதில், பதுங்குகுழிக்குள் இருந்தபடி
வண்டு எந்த உயரத்தில் சுற்றுகிறதென்று சொல்லிவிடுவேன்.
அந்தப் பாடத்துக்கு யாரும் புள்ளி போடவில்லை.

சுழலியைச் சுற்றிப் பதினாறு வழித்தகடுகள்.
ஒரு சுற்றுக்குப் பதினாறு தட்டு,
செக்கனுக்கு அறுநூற்றிருபத்தைந்து சுற்று.
பெருக்கினால் பத்தாயிரம்.
முறிந்த அலகின் சுரமும் அதுவே.

அலகைத் தடிப்பாக்கச் சொன்னார் ஆலைக்காரர்.
தடிப்பாக்கினோம்.
அதிர்வு போகவில்லை,
வேறொரு வேகத்தில் போய்க் காத்திருந்தது.
தகட்டைப் பதினேழாக்கினோம்.
அங்கேயும் வந்தது.

வற்றாப்பளைப் பொங்கலன்றுதான் பிடிபட்டது.
பறை ஒரே சீராய் விழும்வரை
காவடிக்காரனுக்குக் கால் நிற்கவில்லை.
அடிக்கிறவன் வியர்வை துடைக்க ஒரு கணம் பிசகினான்.
காவடி தடுமாறி,
மயிலிறகெல்லாம் ஒருமுறை சிலிர்த்து,
நின்றது.
அர்ச்சனைத் தட்டோடு நின்றபடியே
கஜரூபனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அலகைத் தொடவில்லை.
மறுபடி பதினாறு தகடுதான்,
வளையத்தின் ஒரு பாதியில் ஏழு,
மறுபாதியில் ஒன்பது.

பரந்தன் லேத்துக்காரர் வரைபடத்தைத் தலைகீழாகவும் பார்த்தார்.
"இதை வெட்டித் தந்தால்
எனக்குக் கண் தெரியாதெண்டு சொல்லுவினம் பிள்ளை.
இடைவெளி பிழை."
"ஓம் அண்ணை, பிழைதான்.
அளந்து செய்த பிழை."
அரை மில்லிமீற்றர் அரைகுறையாய்ப் போனதற்கு
அவரோடு பிறகு சண்டையும் பிடித்தேன்.

திரையில்
பத்தாயிரத்தில் நின்ற மலை
மூன்றிலொன்றாய்ச் சரிந்தது.
இரண்டு பக்கமும் முன்பில்லாத சிறு மேடுகள்.
"குறைஞ்சிருக்கு," என்றான் கஜரூபன்.
அறிக்கையில் நானும் அந்தச் சொல்லையே எழுதினேன்.
நீங்கியது என்று எழுத
கை வரவில்லை.

நாற்பத்தொராம் நாள் ஆலைக்குப் போனேன்.
உமித்தூசிக்குள் வேலும்மயிலும் சிரித்தார்,
தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.
சுழலியின் உறையில் கையை வைத்தேன்.
சூடு. அதற்கடியில்,
வைத்த கை மட்டும் அறியக்கூடிய நடுக்கம்.

மெல்லிய ரீங்காரம் ஒன்று மிச்சம் இருந்தது.
எவ்வளவு உயரம், எந்தத் திசை என்று
காது தன்பாட்டில் கணக்குப் பார்த்தது.
பார்க்கட்டும் என்று விட்டேன்.
தேத்தண்ணியில் சீனி கூட.
அண்ணாந்து பார்க்காமல் குடித்து முடித்தேன்.