செல்லாதவை

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினோம்.
கணக்கு வகுப்பறை. கரும்பலகையில்
யாரோ அழிக்க மறந்த பின்னம்.
குலுக்கலில் என் பெயர் விழுந்ததால்
இன்று இந்த மேசைக்கு நான் தலைவி.
மற்ற நாட்களில் அரேகிப்பாவின் மேல்சரிவில்
சுகாதார நிலையத்து மருந்தறையில் மாத்திரை எண்ணுகிறவள்.
எண்ணுவது எனக்குப் பழக்கம்தான்.

கலப்பைக்கு ஒன்று.
ரயிலுக்கு ஒன்று.
கலப்பை. கலப்பை. ரயில்.
யோவானா வாசிக்க, தெயோஃபிலோ கோடு போட,
நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.

பிறகு ஒரு சீட்டில் கோழி.

கொண்டை, தாடி, ஒற்றைக் காலில் நிற்கிற கர்வம்,
இரண்டு சின்னங்களுக்கும் நடுவே அகலமாக.
யோவானா சிரித்துவிட்டாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோழியைத் தெரியும்.
எங்கள் தடத்துச் சிற்றுந்தின் பின்கண்ணாடித் தூசியில்
தினமும் விரலால் வரையப்படுகிற கோழி.

வில்பர்,
போகாவிட்டால் அபராதம் என்று வந்தாய்,
ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றாய்,
என் எதிரிலேயே விரலை மையில் தோய்த்தாய்.
இத்தனையும் ஒரு கோழிக்காகவா?

“எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?”
போன வாரம் கியர் மாற்றிக்கொண்டே கேட்டாய்.
வண்டி முழுக்கத் தலையாட்டியது.
நான் வாயைத் திறப்பதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது.
இப்போது சொல்கிறேன்:
ஒன்று நுனியில் எரிகிறது,
இன்னொன்று பிடிக்கிற இடத்திலும் எரிகிறது.
நீயோ கூரைக்கு அடியில் நின்றுகொண்டு
இரண்டும் நெருப்புத்தானே என்கிறாய்.

ரயில்காரர் திருடர். ஒத்துக்கொள்கிறேன்.
அவர் மைத்துனர் போட்ட சாலையில்தான்
உன் அச்சு முறிந்தது, இரண்டு தடவை.
கலப்பைக்காரர் திருடவில்லை, இன்னும்.
மலைமேல் மருந்தறைகள் வீண்செலவு என்றார்.
ரகசியமாக இல்லை. ஒலிபெருக்கியில்.
உன் அம்மாவின் இன்சுலின் எங்கே இருக்கிறது தெரியுமா?
என் குளிர்பெட்டியில், இரண்டாம் தட்டு, இடது ஓரம்.

உன் வேலைக்காகப் பேசுகிறாய் என்பாய்.
ஆமாம், அதற்காகவும்தான்.

இன்னும் வந்தன.
அழகான கையெழுத்தில் ‘வெட்கம்’.
இரண்டுக்கும் குறியிட்டு
கீழே ‘மன்னிக்கவும்’ என்று ஒருவர்.
(அவர் மீது மட்டும் கோபம் வரவில்லை, ஏனோ.)
ஒன்றுமே எழுதாதவை பதினொன்று,
சலவை செய்து மடித்த மாதிரி.

ஜன்னலில் மிஸ்தி எரிமலை
யார் பக்கமும் சாயாமல் நிற்கிறது.
அது மலை. அதற்குக் கட்டும்.

கலப்பை தொண்ணூற்றேழு.
ரயில் தொண்ணூற்றிரண்டு.
செல்லாதவை முப்பத்தெட்டு.
தெயோஃபிலோ இரண்டாம் தடவை எண்ணச் சொன்னான்.
எண்ணினோம். காகிதம் மனம் மாறவில்லை.

கையெழுத்திட்டோம். தாளைக் கதவில் ஒட்டினோம்.
எண்ணி முடித்த சீட்டுகளைக் கிழித்துவிட வேண்டும், அது விதி.
கோழி என் பங்கில் வந்தது.
நல்ல ஓவியம்தான், வில்பர். கிழித்தேன்.
கொண்டை ஒரு துண்டில் போயிற்று.

வெளியே இருட்டு. பள்ளி வாசலில் உன் வண்டி,
மேலே போகிறவர்களுக்காக உறுமிக்கொண்டு.
படியில் நான் கால் வைப்பதற்கு முன்பே கேட்டாய்,
கழுத்தை நீட்டி, வானொலியைக்கூடக் குறைத்துவிட்டு:
“யார் ஜெயிச்சது?”

கதவில் ஒட்டியாயிற்று, மறைக்க ஒன்றுமில்லை.
“நம்ம மேசையில் கலப்பை. ஐந்து ஓட்டில்.”

“ஐந்தா” என்றாய்.
மை விரல் கியரின் மேலேயே இருந்தது.
பின்னால் யாரோ கூரையைத் தட்டினார்கள்.
நான் நீட்டிய சில்லறையை நீ வாங்கவில்லை,
வண்டியையும் எடுக்கவில்லை.